சுக்கு இல்லை

செம்பவாங்கில் வீடு கிடைத்துவிட்டதென்று
தொலைபேசியில் சொன்ன அப்பாவின் குரலுக்குப்
பதினொரு வயது.

மூவறை வீடு. ஒன்பதாம் மாடி.
குளியலறை ஜன்னலில் ஒரு கை அகலத்துக்குக் கடல்.
"பொறந்த எடத்துக்கே வந்துட்டேன்" என்றார்,
ஜூரோங்கின் முப்பத்தெட்டு வருடத்தை
டாக்சி ரசீது போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு.

சனிக்கிழமை காரில் சுற்றினோம்.
கடற்படைத் தளத்துக் குடியிருப்பு இங்கேதான்.
இல்லை, அந்தப் பக்கம்.
"நிறுத்து" என்றார்.
கம்பி வேலி, அதன் பின்னால் புல்.
புல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மறுபடி "நிறுத்து."
பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகள்
கைபேசியிலிருந்து நிமிர்ந்து
எங்களை வழி தவறியவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.
தப்பில்லை.

பின் இருக்கையில் அம்மா பேசவேயில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டாள்.

பூங்காவில் இறங்கியபோது நீர் வற்றியிருந்தது.
சேறும் டீசலும் கிளிஞ்சலும் கலந்த வாடை.
எதிர்க்கரையில் ஜொகூரின் பளுதூக்கிகள்.
அப்பா பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.
அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.
"சுங்மு" என்றாள்.

அவள் ஊர்.
இப்போது அதற்கு வேறு பெயர்.
எந்த வரைபடத்திலும் சுங்மு கிடையாது.
அதற்காக அவள் யாரையும்
காரை நிறுத்தச் சொன்னதில்லை.

ஈரச்சந்தையில்
இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு
ஐஸில் படுத்திருந்த நாக்குமீனை
விரலால் அழுத்திப் பார்த்தாள்.
"இது போதும்."
பனி உருகியதும் முளைக்கும் ஒரு கீரை வேண்டும்,
அதைப் போட்டு வசந்தத்தில் மட்டும் வைக்கிற குழம்பு.
வசந்தமே இல்லாத ஊரில்
புளோக்குக்குக் கீழே, குடியிருப்பாளர் தோட்டத்தில்
யாரோ வளர்த்த முருங்கையிடம்
இரண்டு கொத்து கேட்டு வாங்கினாள்.
முருங்கையிடமேதான் கேட்டாள். கொரிய மொழியில்.

அவருக்குப் பிடித்ததைக் கற்றுக்கொண்ட வருடங்களில்
அவளுக்குப் பிடித்தது அடுப்பேறவில்லை.
கிம்ச்சி மட்டும்
ஊறுகாய் என்ற பெயரில் பிழைத்துக்கொண்டது.
கோயிலில் அவளை ஓக்கம்மா என்பார்கள்.
ஓக்-சுன் என்று அழைத்தவர் ஒருவர்தான்,
அதுவும் கோபத்தில்.
வருகிறவர்கள் "அப்பான்னா அங்கயும் அப்பாதானாமே!" என்று வியப்பார்கள்.
எங்கள் வீட்டில் அது பழைய செய்தி.

அரிசி களைந்த நீரில் தென்ஜாங்கைக் கரைத்தாள்.
வீடு முழுக்க மக்கிய மொச்சையின் மணம்.
"என்ன குழம்பு?" அப்பா.
"தோதாரி-சுக்-குக்."
"சுக்கா? நல்லது, சளிக்குக் கேக்கும்.
சுக்குக்கு மிஞ்சின மருந்தில்ல,
சுப்பிரமணியருக்கு மிஞ்சின..."
"சுக்கு இல்லை. சுக்."
"அதைத்தான் நானும் சொல்றேன்."

அம்மா அகப்பையோடு திரும்பி நின்று சிரித்தாள்.
எனக்குத் தெரியாத சிரிப்பு.
ஒக்போ கப்பல் பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில்
செம்பவாங்கிலிருந்து போன வெல்டர் ஒருவர்
கிண்ணத்துக்குள் சுக்கைத் தேடியிருக்கிறார்.
பரிமாறிய பெண் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள்.
அவர்கள் முதலில் பேசியதே அந்தச் சண்டைதானாம்.
நாற்பது வருடமாக இது முடியவில்லை.
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சாப்பிட்டோம்.
முருங்கை கொஞ்சம் கசந்தது.
"வேற கீரை" என்றாள் அம்மா,
குறை சொல்வது போல இல்லை.
"உப்பு சரியா இருக்கு" என்றார் அப்பா.
அவரிடம் அதற்கு மேல் பட்டம் கிடையாது.

அடுத்த வாரம் எந்நேரம் நீர் வற்றுமென்று
கைபேசியில் பார்க்கச் சொன்னாள்.
ஒரு வாளியும் வேண்டுமாம், கிளிஞ்சல் பொறுக்க.
"எடம் நான் காட்டறேன்" என்றார் அப்பா உடனே.
நான் அம்மாவைப் பார்த்தேன்.
அவள் அவர் தட்டிலிருந்து
ஒரு முள்ளை எடுத்து
ஓரமாக வைத்தாள்.